உஷார்! ஆபத்து இறங்கும்போதுதான்

பாறை ஏறக் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பியிருக்கிறீர்களா? கயிற்றுக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், பார்சலைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவதற்கு முன்னாலாவது படித்துவிடுங்கள்.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதல்முறையாக இடம்பிடித்தது. அதற்கு முன்பே, அலெக்ஸ் ஹானல்ட் கயிறு கட்டாமல் அமெரிக்காவின் எல் கேப்பிடன் பாறையில் ஏறியதைக் காட்டும் ‘ஃப்ரீ சோலோ’ படம் ஆஸ்கர் வாங்கியிருந்தது. பெருநகரங்களில் செயற்கைச் சுவர்கள் வந்துவிட்டன. ராமநகரம், சாவனதுர்கா, ஹம்பி, பாதாமி என்று வாரக் கடைசியில் பை தூக்குகிற பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. உடம்பையும் புத்தியையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குகிற அருமையான விளையாட்டு இது. எனக்கு அடிவயிற்றைக் கலக்குவது வேறொன்று: யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, ஆன்லைனில் கயிறும் கொக்கியும் வாங்கி, கீழே ஒரு நண்பனை நிறுத்திவிட்டு ஏறத் தொடங்குவது.

புதிதாக வருகிறவரிடம் ‘எதற்குப் பயப்படுகிறீர்கள்?’ என்று கேட்டால், ‘ஏறும்போது கை வழுக்கிவிட்டால்?’ என்பார். மேலே ஆங்கர் என்கிற பிடிமானத்தை வலுவாகப் போட்டு, அதன் வழியாகக் கயிறு வந்து, கீழே விவரம் தெரிந்த ஒருவர் அதைப் பிடித்திருந்தால், கை வழுக்கினால் பெரும்பாலும் கொஞ்ச தூரம் சரிந்து கயிற்றில் தொங்குவீர்கள். அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு மருந்து உண்டு. யாரும் பயப்படாத இடத்தில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. ஏறி முடித்து, ‘அப்பாடா’ என்று பின்னால் சாய்ந்து, உடம்பின் மொத்த எடையையும் கயிற்றில் விடுகிறோமே, அந்தக் கணத்தில்.

லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்மணியை இந்த விளையாட்டில் அறியாதவர் கிடையாது. 1989 மே மாதம், பிரான்சின் பியூ என்ற ஊரில், உடம்பைச் சூடாக்க ஒரு சாதாரணப் பாதையில் ஏறினார். கயிற்றை இடுப்பில் கட்டும் ஹார்னெஸில் கோத்தவர் முடிச்சைப் போட்டு முடிக்கவில்லை. நடுவில் பேச்சும் ஷூ மாட்டும் வேலையும் குறுக்கே வந்துவிட்டன. மேலே போட்டிருந்த சட்டை முடிச்சு இருக்க வேண்டிய இடத்தை மூடியிருந்தது. அந்த முடியாத முடிச்சோடு உச்சிவரை ஏறிவிட்டார். ஒரு அறிகுறியும் தெரியவில்லை. ஏனென்றால் ஏறும்போது அவரைத் தாங்கியது அவருடைய கையும் காலும்தான். உச்சியில் இறங்குவதற்காகப் பின்னால் சாய்ந்தார். கயிறு ஹார்னெஸிலிருந்து சத்தமில்லாமல் உருவிக்கொண்டு போனது. 70 அடிக்கும் மேலான உயரம். மரக்கிளைகளில் மோதி விழுந்ததால் உயிர் பிழைத்தார். முழங்கை மூட்டு விலகியது, பாத எலும்பு முறிந்தது. அன்றைய தேதியில் உலகின் தலைசிறந்த வீராங்கனைகளில் ஒருவர் அவர். ‘எனக்கு முடிச்சுப் போடத் தெரியும்’ என்கிற புதியவர்கள் இதை இன்னொரு தடவை படிக்கட்டும்.

அடுத்தது சொல்லவே மனசு வரவில்லை. ஆனால் சொல்லியாக வேண்டும். டீட்டோ டிராவெர்ஸா, இத்தாலியச் சிறுவன், வயது 12. பெரியவர்கள் திணறுகிற பாதைகளில் ஏறிக்கொண்டிருந்த பிள்ளை. 2013 ஜூலையில் பிரான்சின் ஓர்பியேர் என்ற இடத்தில், இரவல் வாங்கிய குயிக்டிராக்களை வைத்துக்கொண்டு ஏறினான். குயிக்டிரா என்பது உறுதியான ஒரு பட்டையும் அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு கொக்கியும். ஒரு முனையில், கொக்கி புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அந்த ரப்பருக்கு எடை தாங்கும் வேலையே கிடையாது. கொக்கி முதலில் பட்டையின் காதுக்குள் நுழைய வேண்டும், பிறகு ரப்பருக்குள். அந்தத் தொகுப்பில் இருந்த 10-ல் 8 குயிக்டிராக்களில் கொக்கி பட்டைக்குள் நுழையவே இல்லை. ரப்பரில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பார்வைக்கு எல்லாம் கச்சிதமாக இருந்திருக்கும். கயிற்றில் எடை விழுந்ததும் ரப்பர்கள் அறுந்தன. சில நாட்களில் மருத்துவமனையில் அந்தப் பிள்ளை இறந்துபோனான்.

இரண்டிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். தப்பு தரையிலேயே நடந்துவிட்டது. மேலே போகும் வரை அது வாயே திறக்கவில்லை. முழு எடையும் விழுந்தபோதுதான் முதல் சோதனை; அந்தச் சோதனை நடந்த இடம் உயரத்தில். ஆகவே, சோதித்துப் பார்க்காத பழக்கத்தோடு ஒருவர் பல நாள் ஏறி இறங்கலாம். ஒன்றும் ஆகாது. ‘இவ்வளவு நாள் இப்படித்தானே செய்தேன்’ என்ற நம்பிக்கையும் வந்துவிடும். உங்களைவிடக் கொஞ்சம் அனுபவம் கூடிய நண்பர் ‘நான் எப்பவும் இப்படித்தான், ஒன்றும் ஆனதில்லை’ என்றால், தயவுசெய்து அதை ஓர் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கயிற்றின் நுனிக்கு வருவோம். 2016-ல் ஹானல்ட் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாறையில் ஏறிவிட்டு இறங்குகிறார். கீழே இருப்பவர் கயிறு விட்டுக்கொண்டே இருக்கிறார். கயிறு தீர்ந்துபோகிறது. நுனியில் முடிச்சு இல்லை. கயிற்றை இறுக்கும் பிடிகருவி வழியாக நுனி ஓடிவிட, ஹானல்ட் பாறைகளின் மேல் விழுந்தார். முதுகெலும்பு நசுங்கிய காயம். அடுத்த ஆண்டு கயிறே இல்லாமல் எல் கேப்பிடன் ஏறிய அதே மனிதரை முதுகில் காயப்படுத்தியது, போடாமல் விட்ட ஒரு முடிச்சு. (அந்தப் பாதையை அவர் கயிறு கட்டிக்கொண்டு எவ்வளவு காலம் ஒத்திகை பார்த்தார் என்பதும் அதே படத்தில் இருக்கிறது. படம் பார்த்துவிட்டு ‘கயிறு எதுக்கு?’ என்று கேட்கிற தம்பிகள் அந்தப் பகுதியை மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும்.) பிராட் கோப்ரைட்டுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2019 நவம்பரில் மெக்சிகோவின் எல் போட்ரெரோ சீகோவில் கயிறு வழியாக இறங்கும்போது, முடிச்சில்லாத நுனியைத் தாண்டி விழுந்து 31 வயதில் இறந்தார். கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சுப் போட ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இன்னொருவர், டாட் ஸ்கின்னர். பெரிய பாறைகளில் ஏறிப் பேர் வாங்கியவர். 2006 அக்டோபரில் யோசெமிட்டியில் கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஹார்னெஸின் முன்பக்கம் இருக்கும் பிலே லூப் என்கிற வளையம் அறுந்து விழுந்து இறந்தார். அது தேய்ந்திருந்தது அவருக்கும் தெரியும். புது ஹார்னெஸுக்குச் சொல்லியும் வைத்திருந்தார்.

ஐந்து பேர். ஐந்துமே இறங்கும் நேரம். ஐந்துமே முன்கூட்டியே ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடியவை.

அதனால் முதல் கட்டளை: தரையை விட்டுக் கால் எடுப்பதற்கு முன் இருவரும் ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏறுபவரின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கமாக இருக்கிறதா, இழுத்தால் கீழே நழுவுகிறதா? பக்கிள் முழுவதும் பூட்டியிருக்கிறதா? கயிறு ஹார்னெஸின் இரண்டு கட்டுமிடங்கள் வழியாகவும், அதாவது தொடைப் பட்டையை இணைக்கும் வளையம், இடுப்புப் பட்டை வளையம் இரண்டின் வழியாகவும், போயிருக்கிறதா? பக்கத்தில் சாமான் மாட்ட வைத்திருக்கும் வளையத்தில் கயிற்றைக் கட்டிவிடுகிற புதியவர்கள் உண்டு. அது எடை தாங்காது, பிய்ந்து வந்துவிடும். முடிச்சு எட்டு முடிச்சாகவே இருக்கட்டும். முதலில் ஒற்றை எட்டு, பிறகு ஹார்னெஸில் கோத்த நுனியை அதே தடத்தில் திரும்பக் கொண்டுவந்து இரட்டை எட்டு. நன்றாகப் போட்ட முடிச்சில் ஐந்து இடத்திலும் இரண்டு இரண்டு இழைகள் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும். இரண்டிரண்டாக எண்ணுங்கள். நுனி ஒரு சாண் அளவாவது மிச்சம் இருக்கட்டும். முடிச்சுப் போடும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதீர்கள். உங்கள் பெரியப்பாவே வந்து நின்றாலும் முடிச்சை முடித்துவிட்டுப் பேசுங்கள்.

கீழே நின்று கயிறு பிடிப்பவரைப் பிலேயர் என்கிறார்கள். ஏறுகிறவரின் உயிர் அவர் கையில். இது வெறும் பேச்சு இல்லை, அவருடைய ஒரு கையில். பிடிகருவிக்குக் கீழே தொங்குகிற கயிற்றைப் பிடித்திருக்கும் அந்தப் பிரேக் கை, எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றை விடக் கூடாது. போன் அடித்தாலும், மூக்கு அரித்தாலும், தேனீ கொட்டினாலும். கிரிகிரி மாதிரித் தானாக இறுக்கிப் பிடிக்க உதவும் கருவிகள் இருக்கின்றன. ‘அது பார்த்துக்கும்’ என்று நம்பிக் கையை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கயிறு தலைகீழாகக் கோத்திருந்தால் அது பிடிக்காது. பதற்றத்தில் கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருந்தாலோ, கட்டைவிரலால் உள்ளே இருக்கும் கட்டையை அழுத்திக்கொண்டிருந்தாலோ பிடிக்காது. எந்தக் கருவியானாலும் தரையில் நின்றபடி ஒரு இழு இழுத்து அது பூட்டுகிறதா என்று பார்த்த பிறகே ஏறச் சொல்லுங்கள். இந்த வேலையை இன்றுதான் முதல்முறை கயிற்றைத் தொடுகிற நண்பரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அவருக்குப் பின்னால் தெரிந்தவர் ஒருவர் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பேச்சிலும் உயிர் போகும். மேலே போனவர் ‘ஓகே’ என்று கத்துகிறார். ‘ஓகே, நான் பத்திரமாக என்னைக் கட்டிக்கொண்டேன், நீ கயிறை விடு’ என்று கீழே இருப்பவர் புரிந்துகொள்கிறார். மேலே இருப்பவர் சொன்னதோ ‘ஓகே, என்னை இறக்கு’. ஒருவர் சாய்கிறார், மற்றவர் கருவியிலிருந்து கயிற்றைக் கழற்றியிருக்கிறார். உலகம் முழுக்க இப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. காற்றடிக்கும் பாறையில் பாதி வார்த்தைதான் காதில் விழும். அதனால் மேலே போய் என்ன செய்யப் போகிறோம் என்பதைத் தரையிலேயே பேசி முடிவு செய்யுங்கள். பெயரைச் சேர்த்துக் கூப்பிடுங்கள். பக்கத்தில் இன்னொரு கூட்டம் ஏறிக்கொண்டிருந்தால் அவர்களுடைய ‘ஓகே’ உங்களுக்குச் சொன்னதாக ஆகிவிடக் கூடாது. மேலே இருப்பவரும், சாய்வதற்கு முன் கயிறு தன்னை இறுக்கிப் பிடித்திருப்பதை உணர்ந்த பிறகே பாறையிலிருந்து கையை எடுக்க வேண்டும்.

இனி சாமான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நைலான் கயிறு கிணற்றுக்கும் லாரிக்கும்தான். பாறை ஏற அது கூடவே கூடாது. ஏறுவதற்கு டைனமிக் கயிறு வேண்டும். விழும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதன் வேலை. ஸ்டாடிக் கயிறு, பேருக்கேற்றபடி, அதிகம் நீளாது. மீட்புப் பணிக்கும் பாரம் தூக்கவும் அது உகந்தது. அதை இடுப்பில் கட்டி, கயிறு தளர்ந்திருக்கும்போது விழுந்தால், கயிறு அறாவிட்டாலும் உடம்புக்குள் அடி விழும். கயிற்றில் இஎன் 892, ஹார்னெஸில் இஎன் 12277, ஹெல்மெட்டில் இஎன் 12492 என்ற தர எண்கள் அச்சாகியிருக்கும். சிஇ அல்லது யுஐஏஏ முத்திரையும் தேடுங்கள். காரபினர் என்கிற கொக்கியின் முதுகில் பொடி எழுத்தில் கிலோநியூட்டன் கணக்கு பொறித்திருக்கும். நீளவாக்கில் 20 என்றால் ஏறத்தாழ 2 டன் எடை. அதே கொக்கி குறுக்குவாக்கில் திரும்பிவிட்டாலோ, வாய் திறந்திருந்தாலோ 7 அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே திருகுப் பூட்டை மறக்காமல் திருகுங்கள். சாவிக்கொத்துக்கு விற்கிற வண்ண வண்ணக் கொக்கிகள் அதே உருவத்தில் வரும், மயங்காதீர்கள். பெயர் பெற்ற கம்பெனிகளின் பெயரிலேயே போலிகள் வந்திருக்கின்றன. விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். யாரோ விற்கிற பழைய கயிறும் வேண்டாம். கார் டிக்கியில் பேட்டரி ஆசிட் ஆவி பட்ட நைலான், பார்வைக்குப் புதுசு போலவே இருந்துகொண்டு வலுவிழந்திருக்கும். அதன் சரித்திரம் உங்களுக்குத் தெரியாது.

நைலான் விஷயத்தில் இன்னும் ஒன்று. மேலே மரத்திலோ பாறையில் அடித்த போல்ட்டிலோ ஒரு பட்டையைக் கட்டி, அந்தப் பட்டை வழியாகவே கயிற்றை நேரடியாக விட்டு இறங்குவது கொலைக்குச் சமம். நைலான் மேல் நைலான் உரசி ஓடினால் சூட்டில் உருகி அறுந்துவிடும். நடுவில் உலோகம் இருக்க வேண்டும், பூட்டுள்ள காரபினர் இரண்டு. ஆங்கரும் ஒன்றை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. ஒன்று போனால் இன்னொன்று தாங்க வேண்டும். ஆங்கர் போடுவது வீடியோவில் கற்கிற பாடம் இல்லை. ஆரம்பத்தில் நீங்கள் அதைத் தொடவே வேண்டாம், தெரிந்தவர் போடட்டும்.

நம் பக்கத்துப் பாறைகளுக்கென்று தனி ஆபத்துகள் உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் அவற்றைப் பார்க்க முடியாது. முதலில் மலைத்தேனீ. கர்நாடகத்திலும் நம் மலைகளிலும் செங்குத்துப் பாறைகளில் பெரிய பெரிய அடைகள் தொங்கும். புகை, பெரிய சத்தம், கயிறு பட்டு விழும் ஒரு கல் எதுவானாலும் கூட்டம் கிளம்பிவிடும். தரையில் இருந்தால் ஓடலாம், கயிற்றில் தொங்குகிறவர் எங்கே ஓடுவார்? பாறைக்குக் கீழே ஆடு மேய்ப்பவரிடம், ஊர்ப் பெரியவரிடம், வனத்துறை ஆளிடம் ‘அடை எங்கே இருக்கிறது?’ என்று கேட்காமல் ஏறாதீர்கள். அடை கண்ணில் பட்டால் அன்றைக்கு அந்தப் பாதை வேண்டாம். அடுத்தது பாதாமியின் செம்மணற்கல். மழை நனைத்த மணற்கல் உள்ளுக்குள் வலுவிழந்து, பிடித்த இடம் கையோடு வந்துவிடும். மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் பொறுக்க வேண்டும். சாவனதுர்காவின் சரிவுப் பாறைகளில் ஒரு போல்ட்டுக்கும் அடுத்த போல்ட்டுக்கும் இடைவெளி அதிகம். ‘சுலபமான பாதை’ என்று யாராவது சொன்னாலும், அங்கே முதலாவதாக ஏறுவது புதியவருக்கு உரியதல்ல. தாய்லாந்து ரெய்லே கடற்கரைக்குப் போகும் திட்டம் இருந்தால், கடல் காற்றில் எஃகு போல்ட்டுகள் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விட்டதால் அங்கே டைட்டானியம் போல்ட்டுக்கு மாற வேண்டியிருந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஹெல்மெட் எங்கே ஏறினாலும் வேண்டும், கீழே நிற்பவருக்கும்தான். மேலிருந்து உதிரும் எலுமிச்சை அளவுக் கல் போதும்.

அடிபட்டால் யார் வருவார்? 2022 பிப்ரவரியில், கோவைக்குப் பக்கத்திலிருக்கும் மலம்புழாவில் ஓர் இளைஞர் கருவி எதுவும் இல்லாமல் மலை ஏறி, சறுக்கிப் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டார். கிட்டத்தட்ட இரண்டு நாள், சோறு தண்ணி இல்லாமல். ஹெலிகாப்டரால் நெருங்க முடியவில்லை. வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராணுவ வீரர்கள் வந்து, மேலிருந்து கயிறு கட்டி இறங்கி அவரைத் தூக்கினார்கள். அவர் பிழைத்தது பெரும் பாக்கியம். ஐரோப்பிய மலைகளைப் போலக் கூப்பிட்டவுடன் வந்து நிற்கிற பாறை மீட்புக் குழு நம் குன்றுகளின் அடியில் இல்லை. 108-ஐ அழைக்க சிக்னல் எங்கே கிடைக்கும், ஆம்புலன்ஸ் எதுவரை வரும் என்பதை ஏறுவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கயிறில்லாமல் சின்னப் பாறைகளில் ஏறும் போல்டரிங்கில் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கு: அங்கே ஒவ்வொரு விழுதலும் தரையில்தான் முடிகிறது. கணுக்காலும் மணிக்கட்டும்தான் முதலில் போகும். விழும்போது கையைப் பின்னால் ஊன்றாதீர்கள். இரண்டு காலிலும் இறங்கி, முழங்கால் மடங்கி, முதுகில் உருளுங்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தசை சில வாரங்களில் வலுவாகிவிடும், விரல் தசைநாண்களுக்கு அதைவிட எத்தனையோ மடங்கு காலம் வேண்டும். வளரும் பிள்ளைகளின் விரல் எலும்பில் வளர்ச்சிப் பகுதி இன்னும் மென்மையாக இருக்கும். விரல் நுனியில் தொங்கும் பயிற்சிகளை அவர்களுக்குக் கொடுக்க விடாதீர்கள். விரல் மூட்டு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் ‘பழகிவிடும்’ என்று அனுப்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கற்றுக்கொள்ள இடம் இல்லாமல் இல்லை. டார்ஜிலிங்கில் 1954-லிருந்தும் உத்தரகாசியில் 1965-லிருந்தும் மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் நடக்கின்றன. பாறையேற்றம் அவற்றின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், பக்கத்து நகரத்தில் செயற்கைச் சுவர் இருந்தால் அங்கே தொடங்குங்கள். அங்கேயும் தானியங்கிப் பிலே கருவியில் கொக்கியை மாட்ட மறந்து ஏறி விழுந்தவர்கள் உண்டு. கண்ணாலும் கையாலும் பார்க்கும் பழக்கத்தை அங்கேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ‘சாகசப் பயணம், ஒரு நாள், சாப்பாடு உட்பட’ என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டும் முன் கேளுங்கள்: சொல்லிக்கொடுப்பவர் எங்கே பயிற்சி பெற்றார்? ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்? கயிறு எப்போது வாங்கியது? அடிபட்டால் உங்கள் ஏற்பாடு என்ன? வனத்துறை அனுமதி இருக்கிறதா? கேள்வி கேட்டதற்கு முகம் சுளித்தால் அந்த ஆளோடு போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலை நடைக்குப் போன 20-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நமக்கு, அனுமதியையும் வழிகாட்டியையும் பற்றிக் கேட்கக் கூச்சமே வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறீர்கள், கூட வருகிறவர்களில் முறையாகக் கற்றவர் ஒருவர்கூட இல்லை என்றால், பாறையைப் பார்த்துவிட்டு, அடிவாரத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். கற்றவர் ஒருவர் இருந்தால் ஏறுங்கள். ஆனால் கால் எடுத்து வைப்பதற்கு முன், கூட இருப்பவரைக் கூப்பிட்டு உங்கள் முடிச்சைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.